தரையே தாளாகும் வேளை

வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்கு வெளியே, சிமென்ட் தரையிலும் நடைபாதையிலும் சாக்பீஸ் கொண்டு சிறு பிள்ளைகள் விளையாடுவதைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. 3 வயது முதல் 5 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றையே பலர் கேட்டிருந்த இடங்களில், அவற்றுள் விரிவாக எழுதப்பட்டிருந்த கடிதத்தைத் தேர்ந்துகொண்டேன்.

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. அவளுக்காகத் தடித்த வண்ணச் சாக்பீஸ் பெட்டி ஒன்று வாங்கினேன். ஐந்து நிமிடம் கிறுக்கிவிட்டு, ‘நீங்களே யானை வரைஞ்சு குடுங்கப்பா’ என்று என் கையில் கொடுத்துவிடுகிறாள். நானும் யானை, வீடு, மரம் என்று தரை முழுக்க வரைகிறேன். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடுகிறாள். அவளை ஈடுபடுத்த என்ன செய்யலாம்?

பதில்: யானை வரைவதை நிறுத்திவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். உங்கள் யானை எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அவ்வளவு விரைவில் உங்கள் மகள் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவாள். பெரியவர் வரைந்த யானையைப் பார்த்த பிறகு, தான் வரைந்தது யானை இல்லை என்பது குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. வரைவது அப்பாவின் வேலை, பார்ப்பது தன் வேலை என்று அவள் பிரித்துக்கொண்டுவிட்டாள். அந்தப் பிரிவினையைக் கலைப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டியது.

இந்த வயதில் கைக்கு எது இயலும் என்பதைத் தெரிந்துகொண்டால் எதிர்பார்ப்பும் சரியான அளவுக்கு வந்துவிடும். பார்த்து வரையச் சொன்னால், 3 வயதை ஒட்டி வட்டமும், 4 வயதை ஒட்டிக் கூட்டல் குறியும், 4 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் சதுரமும், 5 வயதளவில் முக்கோணமும் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கைகூடுகின்றன. மனிதனை வரையச் சொன்னால் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்தே இரண்டு கால்களை இறக்கிவிடுவார்கள். உடல் என்ற பகுதியே இருக்காது. அது பிழை அன்று. பல நாடுகளின் பிள்ளைகளும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். குழந்தைகளின் ஓவியங்களைப் பெரும் எண்ணிக்கையில் திரட்டி ஆராய்ந்த அமெரிக்கரான ரோடா கெல்லாக், கிறுக்கல்களையே 20 அடிப்படை வகைகளாகப் பிரித்துக் காட்டினார். நமக்கு வெறும் கிறுக்கலாகத் தெரிவதில் புள்ளியும், நெடுங்கோடும், சுழலும், வளைந்து திரும்பும் கோடும் தனித்தனியே பழகப்படுகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் மகளின் அந்த ஐந்து நிமிடத்தில் அந்தப் பழக்கம்தான் நடந்துகொண்டிருக்கிறது.

சரி, அவள் கேட்கும்போது என்ன செய்வது? ஒரு கோட்டைத் தொடங்கி, முடிக்காமல் விட்டுவிடுங்கள். ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு கோடுகள் இழுத்துச் சாலை ஒன்றை வரைந்து, பாதியில் நிறுத்தி, அதன்மேல் ஒரு பொம்மை வண்டியை வைத்து, ‘வண்டி இதற்குமேல் எந்தப் பக்கம் போக வேண்டும்?’ என்று கேளுங்கள். சாலையை அவள் நீட்டியாக வேண்டும். கோடு கோணலாகப் போனால் சாலையும் கோணலாகப் போகும், அவ்வளவுதான். சிறிது நேரத்தில் பாலம் வரும், வண்டி நிற்கும் இடம் வரும், மழை பெய்து சேறான இடம் வரும். நீங்கள் வரைந்த யானையை அவளால் பார்க்க மட்டுமே முடிந்தது. அவள் நீட்டிய சாலையில் அவளே வண்டி ஓட்டுவாள். இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் படம் என்பது பார்ப்பதற்கான பொருளாக இருப்பதைவிட, உள்ளே புகுந்து விளையாடுவதற்கான இடமாக இருக்கும்போதுதான் அதன்மேல் பிடிப்பு உண்டாகிறது.

இதே முறையில் இன்னும் பலவற்றைச் செய்யலாம். இலைகளையும் கூழாங்கற்களையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு ‘வீடு’ சுற்றி வரையட்டும். அகன்ற ஆறு ஒன்றை நீலத்தில் தீட்டி, அதில் கால் வைக்கக் கற்களை அவள் வரைந்து, அவற்றின்மேல் மட்டுமே மிதித்து அக்கரை சேரட்டும். அவளைத் தரையில் மல்லாந்து படுக்க வைத்து, உடலைச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டு எழுப்பினால், தன் அளவிலேயே தரையில் கிடக்கும் அந்த உருவத்தைப் பார்த்து அவள் அடையும் வியப்பு தனி. கண், மூக்கு, சட்டைப் பித்தான், செருப்பு என்று அதற்குள் எல்லாவற்றையும் நிரப்புவது அவள் பொறுப்பு. அடுத்ததாக உங்களைப் படுக்க வைத்து அவள் கோடு இழுப்பாள். மறுக்காமல் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலையிலிருந்து பாதம் வரை குந்தியும் தவழ்ந்தும் அவள் ஒரு சுற்று வருவதற்குள் தோள், இடுப்பு, மணிக்கட்டு அனைத்தும் வேலை செய்திருக்கும். மேசையில் தாளை வைத்து வரையும்போது இது கிடைப்பதில்லை.

கடைசியாக ஒன்று. ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவதைக் குறையாக எண்ணாதீர்கள். பெட்டியை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வெளியிலேயே விட்டுவையுங்கள். அவள் ஓடிவிட்டுத் திரும்பி வந்து ஒரு கோடு போடுவாள், மறுபடி ஓடுவாள். அன்று முழுவதிலும் எத்தனை முறை திரும்பி வந்தாள் என்று கவனித்தீர்களானால் உங்கள் கவலை குறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் நேர்மாறான நிலை. என் மகனுக்கு 4 வயது. உட்கார்ந்து வரைவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓட வேண்டும், குதிக்க வேண்டும். அவனுக்குச் சாக்பீஸால் பயன் உண்டா?

பதில்: அவனுக்குத்தான் மிகுந்த பயன் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும். அதில் 60 நிமிடமேனும் மூச்சு வாங்குமளவுக்கு விறுவிறுப்பான இயக்கமாக இருக்க வேண்டும். உங்கள் மகன் அதைத்தான் கேட்கிறான். ஓட்டத்தை நிறுத்தி அவனை உட்கார வைப்பதற்குப் பதிலாக, அந்த ஓட்டத்துக்கு வழி போட்டுக் கொடுங்கள்.

தரையில் ஒரு நீண்ட பாதையை வரையுங்கள். முதலில் நேர்கோடு, அதன்மேல் பாதம் விலகாமல் நடக்க வேண்டும். அடுத்து நெளிகோடு, அதன்மேல் ஓட வேண்டும். அதன் முடிவில் ஒரு சுழல். அதற்குள் சுற்றி மையத்துக்குப் போய், வந்த வழியே வெளியேற வேண்டும். பிறகு நான்கைந்து வட்டங்கள்; இரண்டு கால்களையும் சேர்த்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். முடிவில் ஒரு பெரிய நட்சத்திரம். அதன்மேல் நின்று பலமாகக் கத்தலாம். இரண்டாவது சுற்றில் அவனே ஒரு கட்டளையைச் சேர்க்கட்டும். சாக்பீஸைக் கையில் எடுக்காத பிள்ளைகூட, தான் தாவ வேண்டிய வட்டம் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்காக அதை எடுத்துவிடுவான். இப்படித்தான் பல ஓட்டக்காரப் பிள்ளைகள் வரையத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன்.

கோட்டின்மேல் நடப்பதை எளிய விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1907இல் ரோம் நகரில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தம் முதல் பள்ளியைத் திறந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, தரையில் நீள்வட்டக் கோடு ஒன்றை வரைந்து, அதன்மேல் குதிகாலும் நுனிவிரலும் தொட்டுத் தொட்டுப் பிள்ளைகளை நடக்கவிட்டார். உடலைச் சமன்படுத்தும் திறன் அதனால் வளர்கிறது. இன்றும் மாண்டிசோரி முறைப் பள்ளிகளில் அந்தக் கோட்டைக் காணலாம். உங்கள் மகன் வேகத்துக்குப் பழகியவன் ஆதலால், கையில் நீர் நிரம்பிய ஒரு குவளையைக் கொடுத்து, சிந்தாமல் கோட்டின்மேல் நடந்து வரச் சொல்லுங்கள். அவன் தானாகவே வேகத்தைக் குறைப்பதைப் பார்ப்பீர்கள்.

பாண்டி ஆட்டத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. ஒற்றைக்காலில் நொண்டியடிப்பது பொதுவாக 4 வயதையொட்டித்தான் வருகிறது. தொடர்ச்சியாகப் பல கட்டங்களைத் தாண்டுவது அதற்கும் பின்னால்தான். ஆகவே கட்டங்களைப் பெரிதாக வரைந்து, இரண்டு கால்களாலும் குதிக்கலாம் என்று விதியைத் தளர்த்திவிடுங்கள். சில்லு எறிவதும், கோட்டை மிதித்தால் ‘அவுட்’ என்பதும் இப்போதைக்கு வேண்டாம். தோற்றுப்போய் ஒதுங்கி நிற்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் எந்தப் பயிற்சியும் கிடைப்பதில்லை.

கேள்வி: என் பேரன் சாக்பீஸை நாக்கால் தொட்டுப் பார்க்கிறான். அது எதனால் செய்யப்படுகிறது? நஞ்சா? அவனுக்கு ஒன்றரை வயதில் தங்கையும் இருக்கிறாள்.

பதில்: கரும்பலகைக்கு முற்காலத்தில் பயன்பட்ட இயற்கைச் சாக்குக்கல், கால்சியம் கார்பனேட் ஆகும், பண்டைக் கடல்களில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உருவானது. தரையில் வரைய இன்று விற்கப்படும் தடித்த வண்ணச் சாக்பீஸ்கள் பெரும்பாலும் ஜிப்சம், அதாவது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட். இரண்டுமே நஞ்சு என்று சொல்லத்தக்கவை அல்ல. பேரன் நாக்கால் தொட்டதற்கோ சிறு துணுக்கை விழுங்கியதற்கோ பதற வேண்டாம். வாயைத் துடைத்துச் சிறிது தண்ணீர் கொடுத்தால் போதும். கவனிக்க வேண்டியது வண்ணத்தைத்தான். தரமற்ற நிறமிகளில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு. பெட்டியின்மேல் ஐரோப்பிய விளையாட்டுப் பொருள் தரமான ‘இஎன் 71’ அல்லது அமெரிக்கத் தரமான ‘ஏஎஸ்டிஎம் டி 4236’ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரோ முகவரியோ இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

தொட்டுப் பார்ப்பது ஒன்று, தேடித் தேடித் தின்பது வேறொன்று. சாக்பீஸ், மண், சுவர்க்காரை போன்றவற்றை ஒரு பிள்ளை வாரக்கணக்கில் விரும்பித் தின்றால் அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கக்கூடும். திட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது அந்தத் தங்கையைப் பற்றித்தான். 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கக்கூடிய பொருள் எது என்று அறிய, ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைத் தர ஆய்வில் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பொருள் எதுவும் ஆபத்தானது. முழுச் சாக்பீஸ் நீளமாக இருப்பதால் அதற்குள் அடங்காது; உடைந்த துண்டு அடங்கிவிடும். இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. 4 வயதுப் பிள்ளைக்கு விரல் பிடி நன்றாக அமைய வேண்டுமானால் துண்டுச் சாக்பீஸே சிறந்தது. நீண்ட குச்சியை முழு உள்ளங்கையால் இறுக்கிப் பிடிக்கலாம். 3 சென்டிமீட்டர் துண்டை அப்படிப் பிடிக்க முடியாது, கட்டைவிரலும் மற்ற இரு விரல்களும் தாமாகவே முன்வந்தாக வேண்டும். பின்னாளில் பென்சில் பிடிக்க வேண்டியதும் அவ்வாறே. அண்ணனுக்கு நன்மை தருவது தங்கைக்கு ஆபத்தாகிவிடுகிறது. எனவே இருவரும் வெளியே இருக்கும்போது முழுக் குச்சிகளை மட்டும் கொடுங்கள், உடைந்தவற்றை உடனே பொறுக்கிவிடுங்கள். தங்கை தூங்கும் வேளையில் பேரனுக்குத் துண்டுகளைக் கொடுங்கள்; முடிந்ததும் எண்ணி எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: மூச்சிரைப்பு உள்ள பிள்ளை சாக்பீஸோடு விளையாடலாமா?

பதில்: வெளியில், காற்றோட்டமான இடத்தில் விளையாடுவது மூடிய அறையில் விளையாடுவதைவிடத் தூசுத் தொல்லை குறைந்தது. ஆயினும் பொடியை வாயால் ஊதுவதையும், துடைப்பானைத் தட்டுவதையும், தரையை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்குவதையும் தவிருங்கள். சாக்பீஸின் நுனியைத் தண்ணீரில் நனைத்து வரைந்தால் பொடி பறக்காது. முதல் முறை சிறிது நேரம் விளையாடவிட்டு, இருமலோ இழுப்போ வந்தால் நிறுத்திவிட்டு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: என் மகள் சாக்பீஸைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டு அழுகிறாள். கையில் மாவு போல ஒட்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. பழகட்டும் என்று வற்புறுத்தலாமா?

பதில்: வற்புறுத்த வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அந்த உலர்ந்த வழுவழுப்பு உண்மையாகவே தாங்க முடியாததாக இருக்கிறது. பிடிவாதம் என்று அதற்குப் பெயர் சூட்டுவது நியாயமில்லை. சாக்பீஸின் அடிப்பகுதியில் காகிதத்தைச் சுற்றிப் பசை நாடாவால் ஒட்டிக் கொடுங்கள்; அல்லது பழைய காலுறையின் நுனியில் சிறு துளையிட்டு, அதன் வழியே சாக்பீஸை வெளியே நீட்டி, காலுறையைக் கையுறைபோல் மாட்டிவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் இருக்கட்டும். நினைத்தவுடன் கையைக் கழுவிக்கொள்ளலாம் என்ற உறுதி கிடைத்தாலே பாதிப் பயம் போய்விடும். அதுவும் வேண்டாமென்றால் சாக்பீஸை நீங்கள் தரையில் தேய்த்துவிடுங்கள், அவள் நனைந்த தூரிகையால் அதன்மேல் வரையட்டும். அது வண்ணக் குழம்பாகி நகரும். கையில் ஒன்றும் ஒட்டாமல் அதே வேலையை அவள் செய்துவிடுவாள். சில பிள்ளைகள் இந்த வழியாக வந்து, சில வாரங்களில் சாக்பீஸையே கையில் எடுப்பதுண்டு, எடுக்காவிட்டாலும் இழப்பில்லை.

கேள்வி: அடுத்த ஆண்டு பள்ளியில் சேர்க்க வேண்டும். சாக்பீஸ் விளையாட்டையே எழுத்துப் பயிற்சியாக மாற்றிவிடலாம் என்று எண்ணுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பயிற்சியாக ‘மாற்றிவிடலாம்’ என்ற சொல்தான் எனக்கு நெருடலாக இருக்கிறது. விளையாட்டுக்குள் எழுத்து வரலாம். எழுத்துக்காக விளையாட்டைப் பறிக்கக் கூடாது. எழுத்து வருகிறதென்றால், உங்கள் உயரத்துக்குப் பெரியதாக வரட்டும்.

நாம் வழக்கமாக ‘அ’வில் தொடங்குகிறோம், அகரவரிசையில் அது முதலாவது என்பதே காரணம். ஆனால் கையின் கண்ணோட்டத்தில் பார்த்தால் ‘அ’ கடினமான எழுத்து. சுழியும் வளைவும் செங்குத்துக் கோடும் சேர்ந்தது. ‘ட’ என்பது ஒரு கீழிறங்கு கோடும் ஒரு கிடைக்கோடும் மட்டுமே. ‘ப’வுக்கு மேலேறும் கோடு ஒன்று கூடுதல். சதுரம் வரையக் கை பழகியிருக்கும் பிள்ளைக்கு இவை இரண்டும் விளையாட்டாகவே வரும். ‘இ’, ‘ஞ’, ‘ழ’ போன்றவை காத்திருக்கலாம்.

‘ட’வைத் தரையில் இரண்டு மீட்டர் நீளத்தில் எழுதுங்கள். பிள்ளை அதன்மேல் நடக்கட்டும், பிறகு பொம்மை வண்டியை அதன்மேல் ஓட்டட்டும், பிறகு நனைந்த தூரிகையால் அந்தக் கோட்டைப் பின்பற்றி அழிக்கட்டும். அழிப்பதற்கும் எழுதுவதற்கும் கை செல்லும் வழி ஒன்றுதான் என்பதால், அழிக்கும்போதே எழுத்தின் போக்கு பழகிவிடுகிறது. எழுதச் சொன்னால் தயங்கும் பிள்ளைகள்கூட அழிப்பதற்குத் தயங்குவதில்லை. எண்களுக்கு வேறு வழி: 1 முதல் 5 வரை ஐந்து வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் அத்தனை கூழாங்கற்களை வைக்கச் சொல்லுங்கள். எண்ணின் வடிவத்தைவிட அது குறிக்கும் அளவுதான் இந்த வயதில் முக்கியம்.

எந்தக் கையில் எடுக்கிறானோ அந்தக் கையிலேயே இருக்கட்டும். இடக்கையில் எடுத்தால் மாற்றாதீர்கள். இந்த வயதில் சிலர் இரு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும் இயல்பே. படுத்த நிலையில் உள்ள பெரிய எட்டு வடிவத்தை வரைந்து, அதன் நடுவில் நின்றபடி, கோட்டின்மேல் சாக்பீஸை நிறுத்தாமல் ஓட்டச் சொல்லுங்கள். கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்வர அது நல்ல பழக்கம்.

கேள்வி: என் மகன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். மற்ற பிள்ளைகள் தரையில் வரையும்போது ஏக்கத்தோடு பார்க்கிறான்.

பதில்: அவனையும் அதே தரைக்கு, அதே நேரத்தில் கொண்டுவர வழி உண்டு. நீண்ட குச்சியின் நுனியில் சாக்பீஸை இறுகக் கட்டிக் கொடுங்கள். நாற்காலியிலிருந்தபடியே தரையில் கோடு போடலாம். நாற்காலியின் பின்புறச் சட்டத்தில் அதைப் பிணைத்துவிட்டால், அவன் போகும் இடமெல்லாம் கோடு விழும். மற்ற பிள்ளைகள் அந்தக் கோட்டைப் பின்பற்றி ஓடுவார்கள். அவர்கள் வரையும் பாதைகளைச் சக்கரம் போகுமளவுக்கு அகலமாக வரையச் சொல்லுங்கள். வெளிச்சுவரும் வரைதளம்தான்; தோளுயரத்தில் செங்குத்தாக வரைவது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமே நல்லது. எனவே ஒரு நாள் அனைவரையும் சுவருக்கு அழைத்து வாருங்கள்.

கேள்வி: நான் மழலையர் பள்ளி ஆசிரியை. 15 பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனால், இடத்துக்கும் வண்ணத்துக்கும் சண்டை வந்துவிடுகிறது. கூட்டாகச் செய்யத்தக்கவை ஏதும் உண்டா?

பதில்: முதலில் சண்டையின் காரணத்தைக் குறையுங்கள். ஒரே பெட்டியை நடுவில் வைக்காமல், மூன்று மூன்று பேருக்கு ஒரு சிறு டப்பா கொடுங்கள். எல்லா டப்பாவிலும் அதே வண்ணங்கள் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தரையில் ஒரு பெரிய சதுரத்தைச் ‘சொந்த நிலமாக’ வரைந்து கொடுத்து, நிலங்களுக்கு இடையே பொதுவான சாலைகளை விடுங்கள். தன் நிலத்துக்குள் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளை, சிறிது நேரத்தில் தானே அண்டை வீட்டுக்குச் சாலை போடத் தொடங்கும்.

கூட்டு வேலைக்கு நான் முதலில் சொல்வது நிழல். காலையில் இரண்டிருவராக நிற்கவைத்து, ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் அவருடைய நிழலைச் சுற்றிக் கோடு இழுக்கட்டும். நின்றவரின் பாதங்களையும் வரைந்துகொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து அதே பாதங்களின்மேல் அதே பிள்ளையை நிறுத்துங்கள். நிழல் கோட்டை விட்டு விலகியிருக்கும், நீளமும் மாறியிருக்கும். அதை வேறொரு வண்ணத்தில் வரைந்து, நண்பகலில் மூன்றாவது முறையும் செய்தால், சூரியன் உயர உயர நிழல் குறுகுவதைத் தரையிலேயே காணலாம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘என் நிழல் ஏன் நகர்ந்துவிட்டது?’ என்ற கேள்வி அவர்களிடமிருந்து வரும்வரை பொறுத்திருங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். பொது நடைபாதையாக இருந்தால் முன்னரே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்; பிள்ளையின் முழுப்பெயரை வீதியில் எழுதவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டின் முன்னால் வண்டி நிறுத்துமிடத்தில்தான் எங்களுக்குச் சமமான சிமென்ட் தரை இருக்கிறது. அங்கே விளையாடவிடலாமா?

பதில்: வண்டி நகராத நேரத்தில் மட்டும் விடலாம். பின்னோக்கி வரும் வண்டியின் ஓட்டுநருக்கு, தரையில் குனிந்திருக்கும் குழந்தை கண்ணாடியிலும் தெரியாது. விளையாட்டு முடியும்வரை வண்டிச்சாவி, கூட இருக்கும் பெரியவரிடமே இருக்கட்டும். வீதியின் பக்கம் நாற்காலிகள், பெரிய பெட்டி என்று கண்ணுக்குத் தெரியும் தடையை வையுங்கள். சாக்பீஸால் போட்ட எல்லைக்கோட்டைத் தடையாகக் கருதாதீர்கள். பந்து உருண்டால் எந்தக் கோடும் நான்கு வயதுப் பிள்ளையை நிறுத்தாது.

வெயிலையும் பாருங்கள். கோடையில் தார்த்தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். சில நொடிகளிலேயே குழந்தையின் தோல் கொப்புளிக்க அது போதும். உங்கள் புறங்கையை ஐந்து நொடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லையென்றால் அன்று அந்த நேரத்தில் வேண்டாம். முழங்காலிட்டு வரையும் பிள்ளைக்குப் பழைய பாய் ஒன்றை மடித்துக் கொடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே சாக்பீஸ் செய்ய முடியுமா? பிள்ளையும் சேர்ந்து செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் பிள்ளையின் பங்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடி 2 பங்கு, தண்ணீர் 1 பங்கு, தண்ணீரில் கரையும் வண்ணம் சிறிது ஆகியவற்றைக் கலந்து, உள்ளே மெழுகுத்தாள் செருகிய அட்டைக் குழல்களில் ஊற்றி, இரண்டு நாள் உலரவிட்டால் போதும். பொடியைக் கொட்டுவதும் கலப்பதும் பெரியவர் வேலை. அப்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், பிள்ளை தள்ளி நிற்கட்டும். இந்தக் கலவை இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். பெரிய கட்டியாக இறுகினால் அதன் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும். ஆகவே கலவைக்குள் கைப்பதிவு எடுக்கக் குழந்தையின் கையை ஒருபோதும் நுழைக்காதீர்கள். கை அதற்குள் சிக்கிக் கடும் தீக்காயம் ஏற்படும். மீந்த கலவையைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அங்கேயே இறுகி அடைத்துக்கொள்ளும். இறுகியபின் குப்பையில் போடுங்கள். வண்ணம் தேர்வது, மெழுகுத்தாளைச் சுருட்டிச் செருகுவது, இரண்டு நாள் கழித்து அட்டையை உரித்தெடுப்பது ஆகியவை பிள்ளைக்கு உரியவை. அந்த உரித்தெடுத்தலுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பேன்.

கேள்வி: தரையில் கறை நிற்குமா?

பதில்: சாதாரணச் சிமென்ட் தரையில் தண்ணீரும் விளக்குமாறும் போதும். சுட்ட செங்கல், நுண்துளைக் கல், மேற்பூச்சிட்ட தளம் ஆகியவற்றில் அடர்ந்த சிவப்பும் நீலமும் சில காலம் தங்கிவிடலாம். நனைத்து வரைந்தால் இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அமிலம் கலந்த திரவங்களால் துடைக்காதீர்கள். சாக்பீஸ் போவதற்கு முன் சிமென்ட் அரிக்கப்பட்டுவிடும்.

கேள்வி: என் மகள் காலை முழுவதும் ஒரு நகரத்தையே வரைந்திருந்தாள். மாலையில் மழை பெய்து எல்லாம் போய்விட்டது. தேம்பித் தேம்பி அழுதாள். ‘நாளைக்கு வேறு வரையலாம்’ என்று சொன்னால் இன்னும் அழுகிறாள். எப்படித் தேற்றுவது?

பதில்: அழட்டும். அவள் வரைந்தது நாளை வராது என்பது அவளுக்குத் தெரியும். நாம் அதை மறுக்கும்போதுதான் அழுகை கூடுகிறது. நகரத்தில் என்னென்ன இருந்தன என்று அவளைக் கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். படம் போனாலும் அதன் கதை அவளிடம் இருக்கிறது என்பதை இப்படி அவளே கண்டுகொள்வாள். இனி, அவள் ‘முடிந்தது’ என்று சொல்லும்போது ஒரு நிழற்படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்டு எடுங்கள்.

அடுத்த முறை மழை வரும்போது, பாதுகாப்பான இடத்தில் நின்று, படம் எப்படிக் கரைகிறது என்பதை அவளோடு சேர்ந்து பாருங்கள். ஜிப்சம் தண்ணீரில் மிகச் சிறிதளவே கரையும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம்தான். எனவே படம் கரைந்து மறைவதைவிட, பொடியாகப் பெயர்ந்து நீரோடு நகர்வதே அதிகம். எந்த வண்ணம் முதலில் ஓடுகிறது, எந்தப் பக்கம் சரிகிறது, நீலமும் மஞ்சளும் எங்கே சேர்ந்து பச்சையாகின்றன என்று அவளே காட்டுவாள். மழை நின்றதும் தரையில் தேங்கிய நீரைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்துப் போனால் நீர் சுருங்கி, கோடு தனியே நிற்கும். சுருங்கிய நீரைச் சுற்றி இன்னொரு கோடு. வெயில் அடித்தால் மாலைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்தாறு கோடுகள் விழுந்திருக்கும், நடுவில் நீர் இருக்காது. அது எங்கே போயிற்று என்று அவள் உங்களைக் கேட்பாள்.